முந்தானை நெய்யாத சேலை

பாவடித் தெருவில் இனிமேல் ஓர் உயிர்கூடப் போகாது, அதற்கு நான் பொறுப்பு என்று டாக்டர் சக்கரவர்த்தியிடம் சொன்னேன். எண்பத்தைந்தாம் வருஷம், டிசம்பர் முதல் வாரம். அவர் "பெரிய வார்த்தை சொல்றீங்க சிஸ்டர்" என்றார்.

"சின்ன வார்த்தை சொல்லி எனக்குப் பழக்கமில்ல சார்" என்றேன்.

என் வாய் அப்படி. அப்பா களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். மில் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குடும்பம் எங்களுடையது. வைத்த பெயர் ஆரோக்கியசெல்வி, பார்த்த வேலை ஆரணியில் சுகாதார நர்ஸ். பெயரும் வேலையும் இப்படிப் பொருந்தியது யாருக்கு வாய்க்கும் என்று நானே பெருமைப்பட்டுக்கொள்வேன். பாவடித் தெரு பதினோரு வருஷமாக என் பொறுப்பில் இருந்தது. அறுபத்திரண்டு வீடுகள், வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாசம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் எந்தப் புருஷன் கொல்லை வழியாக ஓடுவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் நவம்பரில் பத்து நாள் மழை விடவே இல்லை. ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஊருக்கு மேற்கே இருந்த ஏரி உடைந்தது. பகல் நேரம், தெரு முழுக்க விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மூன்று பேர் போனார்கள். காரணம் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அங்கே இருப்பதெல்லாம் குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வார்கள். மழைக்காலத்தில் குழிக்குள் ஊற்று கசிவது வருஷா வருஷம் நடப்பது. அன்றைக்கும் காலடியில் தண்ணீர் வந்தபோது ஊற்று என்றே நினைத்து, சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு நெய்துகொண்டிருந்தார்கள். தெருவில் வெள்ளம் ஓடுவது தெரிந்தபோது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.

அப்படிப் போன மூவரில் ஒருவர் மாணிக்கவேல். முப்பத்தாறு வயது. மனைவி சாவித்திரியும் ஆறு வயது மகள் கற்பகமும் வெளியே ஓடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவாக நின்ற மண் சுவர் ஊறிப்போய், தறியோடு சேர்த்து அவர்மேல் சரிந்தது.

தண்ணீர் வடிந்து மூன்று வாரம் கழித்து டாக்டர் சக்கரவர்த்தி வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மனநல டாக்டர். எங்கள் நர்ஸ்கள் நாலு பேரைப் பள்ளிக்கூட அறையில், குழந்தைகள் பெஞ்சில் உட்கார வைத்து ஐந்து நாள் பாடம் நடத்தினார். முதல் நாள் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தண்ணியில போனவங்களுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா. தண்ணி வடிஞ்சப்புறம் போறவங்க இருக்காங்க. அவங்களைத் தடுக்கலாம். போன வாரம் ஒரு கிராமத்துல பயிரெல்லாம் போன ஒருத்தர், மத்தியானம் சாப்பிட்டுட்டு வயலைப் பார்த்துட்டு வரேன்னு போனாரு. திரும்பி வரல. அவர் வீட்டுல யாரும் அவரை ஒரு கேள்வி கேக்கல."

கேட்பதற்காக எங்களுக்கு எட்டுக் கேள்விகள் கொடுத்தார். சைக்ளோஸ்டைல் செய்த தாள், மை கையில் ஒட்டும். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருகிறதா என்று போகும். எட்டாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது.

நான் தாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். முதல் நாலு வீட்டிலேயே என் உற்சாகம் பாதியாகிவிட்டது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கின்னா பைத்தியமா நர்சம்மா?" என்று கேட்டார்கள். "வூட்ல சேறு இருக்குது, அத்த வார ஆளு இருந்தா அனுப்பு" என்றார் ஒரு பெரியவர். எட்டாவது கேள்வியை ஒரே ஒரு வீட்டில் கேட்டேன். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படிக் கேட்கிறாயே என்று கற்பூரம் சுற்றிப் போட்டாள். அதன் பிறகு எட்டாவது கேள்வியை நானே விட்டுவிட்டேன். துக்கம் நடந்த வீட்டில் எந்த முகத்தோடு அதைக் கேட்பது?

அதற்குப் பதிலாக ஒன்பதாவதாக ஒரு கேள்வியை நானே சேர்த்தேன். தறியில் உட்கார்ந்தாரா?

அந்தத் தெருவில் எந்த வியாதிக்கும் சர்டிபிகேட் அதுதான். காமாலை வந்து கிடந்தவன், குடல் இறக்கம் ஆபரேஷன் செய்தவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள் யாரானாலும், "தறியில உக்காந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குமேல் விசாரிக்க மாட்டார்கள். இதைவிடச் சுலபமான கேள்வி எனக்கு எங்கே கிடைக்கும்? யாரையும் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம். வாசலில் நின்றால், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா அங்குமிங்கும் ஓடும் சத்தம் கேட்கும். கேட்டால் தாளில் ஒரு டிக்.

அந்தக் கணக்கில் தெருவிலேயே முதல் மார்க் சாவித்திரிக்குத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் காலை அவளே குழியிலிருந்த சேற்றை வாரிக் கொட்டினாள். சுவர் விழுந்த பக்கம் கீற்று வைத்துக் கட்டச் சொன்னாள். பட்டு நூல் கொடுக்கும் முதலாளி வீட்டில் புதுப் பாவு வாங்கிப் பூட்டினாள். தறியில் நீளவாட்டில் கட்டுகிற பட்டு நூல் மொத்தத்துக்கும் பாவு என்று பெயர்; அது முதலாளியின் பொருள், பாழானால் நெய்கிறவர் தலையில் கடன். ஒரு பாவில் மூன்று சேலை வரும். புருஷன் போன அதே குழிக்குள் இறங்கி, அதே பலகையில் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். பெண்ணை மட்டும் சந்தவாசலில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

தெரு அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. "பொம்பளைன்னா அவதான் பொம்பளை. ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல" என்றார்கள். நானும் போன வீட்டிலெல்லாம் அவளை உதாரணம் காட்டினேன். தினமும் காலையில் அவள் வீட்டு வாசலில் நின்று, "என்ன சாவித்திரி?" என்பேன். "நல்லா இருக்கேன் நர்சம்மா" என்பாள், தலையைத் தூக்காமலே. மடியில் நெய்த துணி சுருட்டும் படமரம் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசி மார்க் ஜெகநாதனுக்கு. அவர்தான் அந்தப் பொதுச் சுவருக்கு மறுபக்கத்து வீட்டுக்காரர். நாற்பத்தெட்டு வயது, நல்ல வேலைக்காரர். வெள்ளத்துக்குப் பிறகு தறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடிந்ததும் தெருமுனை டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரே கதைதான்.

"மொதல்ல குழியிலதான் வந்துச்சி நர்சம்மா. ஊத்துன்னு நெனச்சிகினு சொம்பால மொண்டு ஊத்திகினே நெய்ஞ்சேன். மாணிக்கமும் அப்பிடித்தான். செவுத்துக்கு அந்தாண்ட நாடா சத்தம் கேட்டுகினே இருந்துச்சி. டக்கு டக்குன்னு. அப்பவும் கேட்டுகினே இருந்துச்சி..."

நாடா சத்தம் என்று ஆரம்பித்தாரானால் அவருக்குத் தொண்டை அடைக்கும், கண்ணில் தண்ணீர் வரும். அந்த இடத்தில் டீக்கடை காலியாகிவிடும். எல்லோருக்கும் ஏதாவது அவசர வேலை ஞாபகம் வரும். "பேஜார் புடிச்ச ஆளு" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். நானும் அதே இடத்தில்தான் எழுந்துபோவேன். தாளில், 'ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அவருடைய மனைவி தேவகி என் பக்கம். "ஒண்டியாளா நான் ஒருத்தியே எத்தினி நாளைக்கி நெய்வேன்? பக்கத்து வூட்டுல ஒரு பொம்பள புருஷனையே குடுத்துட்டு நெய்யிறா. இதுக்கு இன்னா கேடு? ரெண்டு அதட்டு அதட்டு நர்சம்மா" என்பாள். அதட்டினேன். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தறியில் உட்காரவும் வைத்தேன். குழிக்குள் காலை வைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டேன்.

டாக்டர் வாரா வாரம் வியாழக்கிழமை வருவார். ஜனவரி முதல் வியாழன், பாவடித் தெருவை நேரில் பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பரம சந்தோஷம். அறுபத்திரண்டு வீட்டில் அறுபத்தொன்று தறியில் உட்கார்ந்துவிட்டது, ஒரே ஒரு ஜெகநாதன்தான் பாக்கி என்று பீற்றிக்கொண்டே கூட்டிப்போனேன். வழியில் அவர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எட்டாவது கேள்வி எல்லாத்துலயும் காலியா இருக்கே?"

"அதெல்லாம் கேக்க முடியாது சார் இந்த ஊர்ல. ஒன்பதாவதைப் பாருங்க. நானே போட்டது."

அவர் பார்த்தார். தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நேராகச் சாவித்திரி வீட்டுக்கு அழைத்துப்போனேன்.

அவள் வழக்கம்போல் குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். டாக்டர் வந்திருக்கிறார் என்றதும் தேவகி பக்கத்து வீட்டிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜெகநாதனும் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை, வாசலோடு நின்றுகொண்டார். டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று அவர் யோசிப்பதற்குள் தேவகி பெருமை பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பாருங்க சார், இன்னா நெய்வு! ஒரு புள்ளி தப்பு கெடையாது" என்று சொல்லிப் படமரத்தில் சுற்றியிருந்த துணியைத் தடவினாள். தடவிய கை நின்றது. "இன்னாடி இது, இவ்ளோ தடியா இருக்குது?" என்று குனிந்து பார்த்தாள்.

 நாடா போய் வந்துகொண்டே இருந்தது. தேவகி துணியைச் சுற்றிலிருந்து பிரித்து முழங்கையால் அளந்தாள். பத்து, பன்னிரண்டு, பதினாறு. அவள் குரல் மாறியது.

"முப்பத்திமூணு முழம். முந்தானையே காணமே, சார்!"

டாக்டருக்குப் புரியவில்லை. தேவகிதான் சொன்னாள். சேலை பன்னிரண்டு முழம். அந்த அளவு வந்ததும் ஜரிகை போட்டு முந்தானை நெய்ய வேண்டும். நெய்து முடித்ததும் சேலையை அறுத்து எடுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சேலையைத் தொடங்க வேண்டும். இவள் ஒரு முந்தானையும் நெய்யவில்லை, அறுக்கவும் இல்லை. ஆரம்பித்த இடத்திலிருந்து வெறும் உடல் பாகத்தையே நெய்துகொண்டு போயிருக்கிறாள். துக்க வீட்டில் போய்ச் சேலை கேட்கக் கூடாது என்று முதலாளி ஆள் அனுப்பவில்லை. அவரவர் தறியே அவரவருக்கு மேல் வேலையாக இருந்ததில் அக்கம்பக்கத்தாரும் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் எட்டிப் பார்த்த ஒரே ஆள் நான். எனக்கு முந்தானையும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

"பரவால்ல வுடு" என்றாள் தேவகி. "ஏதோ ஞாபகத்துல தள்ளிப் போய்ட்ச்சி. இங்க அறுத்துடலாம், மிச்சத்துல ஒரு முந்தானை வெச்சிக்கலாம்." சொல்லிக்கொண்டே கத்தரியை எடுத்துப் பாவின் மேல் வைத்தாள்.

"அறுக்காதக்கா!"

அப்படி ஓர் அலறலை நான் பிரசவ அறையில்கூடக் கேட்டதில்லை. சாவித்திரி தறிமேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் பாவை மூடிக்கொண்டாள். தேவகி கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "என்னம்மா, என்ன ஆச்சு, சொல்லு, டாக்டர் வந்திருக்காரு, எதுவா இருந்தாலும் சொல்லு" என்று அடுக்கினேன். அவள் உடம்பு கட்டைபோல் இருந்தது. நான் கேட்கக் கேட்க இன்னும் இறுகியது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது வாசலில் ஜெகநாதன் ஆரம்பித்தார்.

"மொதல்ல குழியிலதான் வந்துச்சி. ஊத்துன்னு நெனச்சிகினு..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரம் காலம் தெரியாத மனுஷன் என்று அவரை அடக்கத் திரும்பினேன். டாக்டர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். "அவர் பேசட்டும் சிஸ்டர். முழுசா பேசட்டும்."

நாடா சத்தம் வந்தது. அவருக்குத் தொண்டை அடைத்தது. இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. அவர் அதற்கு அடுத்ததைச் சொன்னார். இரண்டு மாதமாக அவர் சொல்ல வந்ததும், நாங்கள் ஒருவரும் உட்கார்ந்து கேட்காததும் அதுதான்.

"அப்புறம் ஏரி ஒடஞ்சிச்சின்னு தெருவே கத்திச்சி. நாங்களும் கத்தினோம். இன்னா கத்தினோம் தெரியுமா சார்? பாவு, பாவுன்னு கத்தினோம். பாவை அறு, பரண் மேல போடு, பாவு நனைய வுடாத. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் அதான். ஆளு பத்திரம்னு ஒருத்தன் வாயிலயும் வரல. நான் இந்தச் செவுத்தைக் கையால தட்டி, டேய் மாணிக்கம், பாவை அறுத்துப் போட்றான்னு கத்தினேன். நான் என்னுதை வெடுக்குன்னு அறுத்து வீசிட்டு வெளிய வந்துட்டேன். அவன் அப்பிடி இல்ல சார். நூல் சிக்காயிடும்னு பொறுமையா அறுப்பான். அறுத்துகினு இருந்தான். நான் தட்டின செவுருதான் சார் வுழுந்துச்சி."

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தறிமேல் கவிழ்ந்திருந்த சாவித்திரி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அத்தனை நாளில் அவள் கண்ணை நான் நேராகப் பார்த்தது அன்றுதான்.

"நீங்களுமா சொன்னீங்க, மாமா?"

ஜெகநாதன் தலையாட்டினார்.

"கொழந்தைய இடுப்புல வெச்சிகினு ஓடினேன்" என்றாள்.  "வாசல்ல நின்னு திரும்பினேன். அவரு என்னையேதான் பார்த்துகினு இருந்தாரு, வரட்டுமான்னு கேக்கற மாதிரி. நான், பாவை அறுத்துகினு வா அப்படின்னேன். அறுத்துகினு வா. வான்னு மட்டும் சொல்லியிருந்தா வந்திருப்பாரு மாமா."

உன் தப்பு இல்லை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நான் சொல்லியிருந்தால் அது வெறும் ஆறுதலாகப் போயிருக்கும். தேவகி சொன்னாள். புருஷனை இரண்டு மாதமாகக் கரித்துக் கொட்டிய தேவகி, குழிக்கரையில் உட்கார்ந்து சாவித்திரியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மட்டும் இன்னா கத்தினேங்கிற? எம் புருஷன் படி தாண்டி வந்ததும் மொதல்ல பாவு எங்கன்னுதான் கேட்டேன். உசுரோட வந்தியான்னு கேக்கல. அத்த நெனச்சி நெனச்சித்தான் இந்த மனுஷனைத் திட்டித் தீக்கறேன்."

சாவித்திரி அழுதாள். அலறிக்கொண்டு, மூக்கு ஒழுக, தேவகியின் புடவையைப் பிய்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு நாலைந்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடினார்கள். ஒருவர்கூட "அழாதே" என்று சொல்லவில்லை. அவர்களும் அன்றைக்கு அதையேதான் கத்தியவர்கள்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் டாக்டர் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

"உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாம்மா?"

 அவள் கோபப்படவில்லை, கற்பூரம் தேடவும் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல் உடனே பதில் சொன்னாள்.

"பாவு தீர்ற வரைக்கும் நெய்யலாம்னு இருந்தேன் சார். அதுக்கு அந்தாண்ட யோசிக்கல."

தேவகி தறியின் பின்பக்கம் பார்த்தாள். மிச்சம் மூன்று முழம் இருந்தது. மூன்று நாள் வேலை. மூன்று நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை. நான் மாதா கோயிலில் பூசை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். திங்கட்கிழமை வந்து வாசலில் நின்று, நாடா சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பேன்.  அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் சாவதற்கு நாள் குறித்துக்கொண்டிருந்ததற்கு, ஒரு மாதமாகத் தினமும் அந்த வாசலில் நின்று நான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தொடங்கிய வேலைதான் உண்மையான வேலை. டாக்டர் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார், மாத்திரை டப்பாவைத் தேவகியிடம் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு அவளைத் தனியாக விடக்கூடாது என்றார். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று நான் யோசிப்பதற்குள், தெருப் பெண்கள் முறை போட்டுக்கொண்டுவிட்டார்கள். அவள் இரண்டு நாள் விடாமல் தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து, பசிக்கிறது என்றாள். தறிமேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினோம். பொங்கலுக்கு முன்னால் முதலாளி வீட்டு ஆள் வந்து சேலைப் பேச்சை எடுத்தான். "அதைக் கேட்டுகினு இந்தத் தெருவுக்குள்ள வந்தியானா காலை ஒடிச்சிடுவேன்" என்று தேவகி சொன்னாள். அவன் ஜல்தியாகப் போய்விட்டான்.

என் அறுபத்திரண்டு தாளையும் கிழித்துப் போட்டேன். முதலிலிருந்து எல்லா வீட்டுக்கும் போனேன். இந்தத் தடவை ஜெகநாதனையும் கூட்டிக்கொண்டு போனேன். "நான் இன்னாத்துக்கு நர்சம்மா?" என்று கூச்சப்பட்டார். "நீங்க டீக்கடையில பேசறதை வீட்டுக்குள்ள வந்து பேசுங்க, அது போதும்" என்றேன். போன வீட்டில் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து, மொதல்ல குழியிலதான் வந்துச்சி என்று ஆரம்பிப்பார். பாதியில் அந்த வீட்டுக்காரரே கதையை வாங்கிக்கொள்வார். எங்க வூட்ல அடுப்படிப் பக்கமா வந்துச்சி என்று அவர் தன்னுடையதைச் சொல்லத் தொடங்குவார். முடித்ததும் நான் எட்டாவது கேள்வியைக் கேட்பேன். ஒரு வீட்டிலும் என்னை விரட்டவில்லை. மேலும் நாலு பேர், ஆமாம், தோன்றுகிறது என்றார்கள். அதில் மூன்று பேர் வெள்ளம் வடிந்த முதல் வாரமே தறியில் உட்கார்ந்தவர்கள். நாலு பேரையும் விடவில்லை. நான் டாக்டரிடம் சொன்ன பெரிய வார்த்தை அப்படித்தான் நிலைத்தது. அந்தத் தெருவில் வெள்ளத்துக்குப் பிறகு ஓர் உயிர் போகவில்லை. இதை நான் கர்வத்தோடுதான் சொல்கிறேன், பாதி கர்வம் ஜெகநாதனுடையது.

ஆனால் சாவித்திரி விஷயத்தில் எனக்கு இன்னும் நிம்மதி வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பேசினாள், அழுதாள். கற்பகத்தின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. பெண் போய் இரண்டு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. கூட்டி வரட்டுமா என்று தேவகி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டாக்டரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு அன்னைக்கி இடுப்புல இருந்துச்சு. அம்மா சொன்னதைக் கேட்டுச்சு. அதைப் பார்க்கத்தான் பயப்படறாங்க" என்றார். அவசரப்படுத்தாதீர்கள் என்றும் சொன்னார். அவசரப்படாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, நான் போனபோது அவள் தலை வாரிப் பின்னிக்கொண்டு நின்றிருந்தாள். "சந்தவாசலுக்கு எத்தினி மணிக்கு நர்சம்மா பஸ்ஸு?" என்றாள். வேறெதுவும் கேட்காமல் கூடவே கிளம்பினேன். பஸ்ஸில் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போளூர் ரோட்டில் பாலத்தின் மேல் பஸ் போனபோது கண்ணை மூடிக்கொண்டாள், பாலம் தாண்டியதும் திறந்தாள். "எம் பொண்ணு திட்டினா இன்னா நர்சம்மா பண்ணட்டும்?" என்றாள். "வாங்கிக்க" என்றேன்.

அண்ணன் வீட்டு வாசலில் அண்ணி வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு, "கற்பகம், யாரு வந்துருக்கா பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். கற்பகம் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். தாயிடம் ஓடி வரவில்லை. சாவித்திரியும் கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து, குழந்தையின் உயரத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.  வா என்று ஒரு வார்த்தை அவளுக்கு வாயில் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து நான் என் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

"தறியெல்லாம் முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்டாள் கற்பகம். "தறி முடிஞ்சாத்தான் நீ வருவேன்னு மாமி சொல்லிச்சி."

"முடிக்கலடி" என்றாள் சாவித்திரி. "பாவு அப்படியே கெடக்குது. போட்டுட்டு வந்துட்டேன். நீ வா."

குழந்தை கதவை விட்டது. ஓடிவந்து மடியில் விழுந்தது.